செக்கன்கள் தவணைக்குத் தவணை குறைவதில்லை

சென்ற வாரம், உப்புவெளியில் நான் பயிற்சி கொடுக்கும் 25 மீற்றர் தடாகத்துக்குப் பதினான்கு வயது மாணவன் ஒருவனை அவனுடைய தகப்பனார் அழைத்து வந்திருந்தார். நீச்சல் தொப்பியைக் கழற்றுவதற்கு வலக்கையைக் காதுக்கு மேலே உயர்த்த அந்தப் பிள்ளையால் முடியவில்லை. இடக்கையாலேயே இழுத்துக் கழற்றினான். தகப்பனாரின் கையிலிருந்த அப்பியாசக் கொப்பியின் மட்டையில் "1:05" என்று சிவப்பு மையால் எழுதி, இரண்டு முறை கோடிட்டிருந்தது. 100 மீற்றர் சாதாரண நீச்சலில் (பிறீஸ்ரைல்) 1 நிமிடம் 29 செக்கனிலிருந்து 1 நிமிடம் 18 செக்கனுக்கு வந்திருந்தவன், அடுத்த தவணைக்குள் 1 நிமிடம் 5 செக்கனைத் தொட வேண்டும் என்பது வீட்டில் எடுத்த முடிவு. "போன தவணையில பதினொரு செக்கன் குறைஞ்சதுதானே சேர், இந்தத் தவணையில பதின்மூன்று குறையாதோ?" என்று அவர் கேட்டார். இந்த ஆண்டில் இதே கேள்வியோடும் இதே தோள் வலியோடும் என்னிடம் வந்த நான்காவது பிள்ளை இவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குறையாது, ஐயா. அந்தப் பதினொரு செக்கனும் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். புதிதாக நீந்தும் பிள்ளை மூச்செடுக்கத் தலையை முன்னால் தூக்குகிறது. தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழ்கின்றன. தாழ்ந்த உடல் தண்ணீரைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டு போகிறது. பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கப் பழகிய சில வாரங்களில் செக்கன்கள் தாமாகவே உதிர்கின்றன. பெற்றோர் அதைப் பிள்ளைக்குக் கூடிய பலம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே ஒரு பிழை நீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே பிழையை இரண்டாம் முறை நீக்க முடியாது. அதற்குப் பிறகு குறையும் ஒவ்வொரு செக்கனுக்கும் உடல்தான் விலை கொடுக்க வேண்டும்.

அந்த விலை எவ்வளவு என்று சொல்கிறேன். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அதை வென்று முன்னேறத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, ஏற்பக் கூடுகிறது. வேகத்தை 5 சதவீதம் உயர்த்த ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதல் வலு வேண்டும். 1:18 என்பதை 1:05 ஆக்குவதென்றால் வேகத்தை 20 சதவீதம் உயர்த்த வேண்டும்; நீந்தும் முறை மாறாவிட்டால், அதற்கு ஏறத்தாழ 73 சதவீதம் கூடுதல் வலு தேவைப்படும். பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளிடம் மூன்று மாதத்தில் இதைக் கேட்பது நியாயமா?

உலகத்தின் மிகச் சிறந்த வீரர்களைப் பாருங்கள். இதே 100 மீற்றரை 50 மீற்றர் தடாகத்தில் 2009இல் ரோமில் பிரேசிலின் சேசர் சியெலோ 46.91 செக்கனில் நீந்தினார். நீரைத் தள்ளிவிடும் முழு உடல் நீச்சலுடைகள் அனுமதிக்கப்பட்டிருந்த காலம் அது. 2010இல் அவை தடை செய்யப்பட்டன. அந்தச் சாதனையை 2022இல், அதே ரோமில், ருமேனியாவின் டேவிட் பொப்போவிச்சி 46.86 செக்கனில் முறியடித்தார். ஒரு செக்கனின் நூறில் ஐந்து பங்கைக் குறைக்க உலகத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஒப்பிடக் கூடாதவற்றை ஒப்பிடுவதும் இதோடு சேர்ந்து வருகிறது. 25 மீற்றர் தடாகத்தில் திரும்பும்போது சுவரை உதைத்துத் தள்ளும் வாய்ப்பு கூடுதலாகக் கிடைப்பதால், அங்கே எடுத்த நேரத்தை 50 மீற்றர் தடாகத்தின் நேரத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. தகப்பனார் கரையில் நின்று கைபேசியில் அழுத்தி எடுத்த நேரம் போட்டி நேரம் ஆகாது. டச்சுக் குடாவில் ஒரு தோணியிலிருந்து மற்றத் தோணிவரை நீந்திய நேரத்தைத் தயவுசெய்து கொப்பியில் எழுதவே வேண்டாம். உப்புத் தண்ணீர் உடலைத் தூக்கிப் பிடிக்கிறது, நீரோட்டமோ நாளுக்கு நாள் மாறுகிறது.

நான் இலக்கு வைப்பது இப்படித்தான். வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று நேரங்களின் சராசரியிலிருந்து தொடங்குகிறேன். 1:18இல் நிற்கும் பிள்ளைக்கு ஒரு தவணைக்கு இரண்டு செக்கனுக்கு மேல் நான் கேட்பதில்லை. அந்த இரண்டும் எங்கிருந்து வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றருக்கு மூன்று திருப்பங்கள். ஒவ்வொன்றிலும் அரைச் செக்கன் மிச்சம் பிடித்தால் ஒன்றரைச் செக்கன் கைக்கு வருகிறது, தோளுக்குக் கூடுதல் பாரமும் இல்லை. மீதியைக் கை வீச்சுகளை எண்ணித் தேடுகிறோம்: ஒரு நீளத்துக்கு 22 வீச்சு போட்டவன், வேகம் குறையாமல் 20 வீச்சில் கரை சேர்ந்தால் அதுவே முன்னேற்றம்.

தூரத்தைத் திடீரென்று கூட்டாதீர்கள். அந்தப் பிள்ளையை நாளொன்றுக்கு 1500 மீற்றரிலிருந்து 4000 மீற்றருக்கு இரண்டே வாரத்தில் ஏற்றியிருந்தார்கள். நீளத்துக்கு 20 வீச்சு என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு தோளும் 600 தடவைக்குப் பதிலாக 1600 தடவை சுழல்கிறது. போதாதற்கு, உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்ரிக் தட்டுகளையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வலிக்கிற தோளுக்கு அவை ஆகவே ஆகாது. பயிற்சிக்கு மறுநாள் காலையிலும் தோள் வலித்தால் அன்று கை வீச்சுப் பயிற்சி இல்லை. வலி தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டிய பிறகே தண்ணீர். வளரும் வயதில், குறிப்பாகப் பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு, உடல் மாறும் மாதங்களில் நேரம் ஒரே இடத்தில் நிற்கக்கூடும். அம்மாமாரே, அப்பாமாரே, அந்த மாதங்களில் பிள்ளையை ஏசாதீர்கள். தடாகத்தை வெறுத்துப் போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது எனக்குத் தெரிந்த மிகக் கடினமான பயிற்சி.

அந்த மாணவன் இப்போது வைத்தியரின் அனுமதியோடு கால் உதைப்பு மட்டும் பழகுகிறான். பலகையைப் பிடித்தால் தோள் உயர்ந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால், கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு உதைக்கிறான். தகப்பனார் கொப்பிக்குப் புதிய மட்டை போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில், பிள்ளையின் கையெழுத்தில், "1:16, வருட முடிவுக்குள்" என்று இருக்கிறது.