புயாவோ: சீனரின் 'டானிக்'குக்குத் தமிழ்ச்சொல் எது?

சீன மருந்துக் கடையில் விற்கும் ஜின்செங், தாங்குயி வேர் எல்லாவற்றையும் நாம் 'டானிக்' என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொன்னதுமே, அதை எப்போது சாப்பிட வேண்டும் என்ற விவரம் தொலைந்துபோகிறது. சீனத்தில் இதன் பெயர் 'புயாவோ'. 'யாவோ' என்றால் மருந்து. 'பு' என்ற பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த எழுத்தின் இடப்பக்கத்தில் உடையைக் குறிக்கும் உறுப்பு உண்டு. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதி, உடையை முழுதாக்குவது என்று இதற்குப் பொருள் சொல்கிறது. கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதற்கும், சொத்தைப் பல்லை அடைப்பதற்கும், விட்டுப்போன பாடத்தைச் சேர்த்துப் படிப்பதற்கும் இன்றும் இதே சொல்தான். எங்கும் குறை முதலில் இருக்கிறது, நிரப்புவது அப்புறம்.

சீன மருத்துவத்தின் பழைய விதியும் 'குறைந்திருந்தால் நிரப்பு' என்பதே. சரி, எது குறைந்திருக்கிறது? ச்சி எனும் உயிராற்றலா, இரத்தமா, உடலின் குளிர்ச்சிக் கூறான யின்னா, வெப்பக் கூறான யாங்கா? ச்சி குறைந்து சோர்ந்தவருக்கு ஜின்செங், ஹுவாங்ச்சி. இரத்தக் குறைவுக்குத் தாங்குயி, ஷூதிஹுவாங். இவ்விரண்டோடு சுவான்ஷியோங், பைஷாவோ சேர்த்துக் காய்ச்சும் நாற்சரக்குக் கஷாயத்தைப் பெண்கள் பெரும்பாலும் மாதவிலக்கு முடிந்த பிறகு குடிக்கிறார்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போது எதையும் தொடுவதில்லை. அது நோய் என்னும் திருடனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது என்பார்கள்.

பருவமும் உண்டு. வசந்தத்தில் முளைப்பது, கோடையில் வளர்வது, இலையுதிர்காலத்தில் அறுப்பது, குளிர்காலத்தில் சேமிப்பது என்பது அவர்கள் கணக்கு. அதனால் நவம்பர் 7 அல்லது 8-இல் வரும் 'லிதொங்' எனும் குளிர்காலத் தொடக்கத்திலிருந்து வீடுகளில் மூலிகை சேர்த்த இறைச்சி சூப் கொதிக்கும். தைவானில் அந்த வழக்கத்துக்கே 'புதொங்' என்று பெயர். 'தொங்' என்றால் குளிர்காலம். குளிர் வந்துவிட்டது என்பதற்காக எல்லோரும் குடிக்கலாம் என்பதில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தாங்குயியையோ ஜின்செங்கையோ தொடவே கூடாது.

'டானிக்' வேறு வழியில் வந்த சொல். கிரேக்கத்தில் 'தோனோஸ்' என்றால் இழுத்துக் கட்டிய விறைப்பு. தளர்ந்த உடலை முறுக்கேற்றுவது அதன் கருத்து. கிழிசல், குறை என்ற எண்ணமே அதில் இல்லை.

தமிழுக்கு வருவோம். சித்த மருத்துவ நூல்கள் மருந்தின் செய்கைகளில் 'உரமாக்கி', 'உடல்தேற்றி' என இரண்டைத் தனித்தனியே சொல்கின்றன. டானிக்குக்கு வழக்கமாக வைக்கும் சொல் உரமாக்கி. அது பொருத்தம்தான், உரம் என்றால் வலிமை. ஆனால் வலிமையை யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். தேறுவதற்கு முதலில் தளர்ந்திருக்க வேண்டும். "காய்ச்சல் விட்டுப் பத்து நாளாச்சு, இப்பதான் உடம்பு தேறுது" என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தத் தேறுதல். புயாவோவை நான் 'தேற்றுமருந்து' என்றே எழுதுகிறேன்.