துவளல்: வாடல் என்று சொல்லி ஏமாந்த ஒரு நோய்

"தண்ணி பத்தலையாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாய்க்காலைத் திருப்பிவிட்டார். தாளவாடியில், உச்சி வெயில் நேரம். மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் ஈரம் இருந்தது. உருளைச் செடிகளில் நாலைந்து மட்டும் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. இலையில் பச்சை கொஞ்சமும் மாறவில்லை.

இந்த நோய்க்கு நம் வேளாண்மைக் கையேடுகளில் உள்ள பெயர் பாக்டீரியா வாடல். முதல் சொல் கடன் வாங்கியது, இரண்டாவது நம்முடையது. சிக்கல் என்னவோ நம்முடைய சொல்லில்தான்.

முதலில் கடனைப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் பாக்டீரியோன் என்றால் சின்னக் கோல். உருப்பெருக்கியில் குச்சி குச்சியாகத் தெரிந்தவற்றுக்கு 1828இல் ஜெர்மானியரான எரன்பெர்க் பாக்டீரியம் என்று பெயர் வைத்தார். பாக்டீரியா அதன் பன்மை. நாம் ஒருமைக்கும் அதையே சொல்கிறோம், போகட்டும். நுண்ணுயிரி என்று தமிழாக்கினால் பூஞ்சையும் அதற்குள் வந்துவிடும். பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து பாக்டீரியாவிடம் செல்லாது என்பதால், அந்தப் பொதுச்சொல் தோட்டத்தில் காசைக் கரைக்கும். கோலுயிரி அழகான சொல்தான், ஆனால் உருண்டையான பாக்டீரியாக்களும் உண்டே. பாக்டீரியா அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி.

இனி வாடல். வாடு என்ற வேருக்குள் ஈரம் வற்றுவது உட்கார்ந்திருக்கிறது. கருவாட்டில் இருப்பது அந்த வாடுதான். சங்கப் பாட்டில் வரும் வாடூன், உலர்ந்த இறைச்சி. தீயில் காட்டினால் வாட்டுகிறோம். ஆகவே செடி வாடுது என்று காதில் விழுந்ததும் கை தானாக வாய்க்காலுக்குப் போகிறது. இந்த நோயிலோ தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ரால்ஸ்டோனியா சோலனேசியாரம் என்ற பாக்டீரியா வேர் வழியாக நுழைந்து, தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களில் பெருகி, கொழகொழவென்ற கூழால் அவற்றை அடைத்துவிடுகிறது. கீழே ஈரம், மேலே தாகம். தண்ணீர் கட்டினால் கூடுதல் கேடு, நோய்ச் செடியின் காலடியிலிருந்து அடுத்த செடிக்கு அதுவே பாக்டீரியாவைச் சுமந்து போகும்.

நம் ஊரில் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை ஆத்தாமார் "புள்ள தொவண்டு போச்சு" என்பார்கள். வற்றவில்லை, நிறம் மாறவில்லை, நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லை. இந்தச் செடியும் அப்படித்தான். எனவே பாக்டீரியாத் துவளல் என்பேன். வறட்சிக்கு வாடல் இருக்கட்டும்.

சரி, துவண்டதை எப்படிக் கண்டுகொள்வது? ஆரம்பத்தில் மதியம் சாய்ந்த செடி பொழுது இறங்கியதும் நிமிரும், அதை நம்பக் கூடாது. சில நாளில் எழுந்திருக்காது. பூஞ்சையால் வரும் பியூசேரிய வாடலில் அடியிலைகள் மஞ்சளாகும். இதில் பச்சையாகவே சாயும். சந்தேகமா, தண்டை மண்ணுக்குச் சற்று மேலே அறுத்து, ஒரு சிறு துண்டைத் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியாதான். பூஞ்சையில் அந்த நூல் வராது. ஒரு டம்ளர் செலவில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

கிழங்கில் இதே நோய்க்குப் பழுப்பு அழுகல் என்று இன்னொரு பெயர். குறுக்கே அறுத்தால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம், அதில் வெண்கூழ் துளித்துளியாகக் கசியும். முளை விடும் கண்களிலும் கசிவதால் அங்கே மண் அப்பியிருக்கும். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையைப் பிரித்தால் நான் முதலில் பார்ப்பது கிழங்கின் கண்ணைத்தான். அடித்தண்டு கறுத்து நாற்றம் அடித்தால் அது வேறு பாக்டீரியா, கருங்கால். தோலில் சொறி சொறியாக இருப்பதும் ஒரு பாக்டீரியாவின் வேலையே.

இத்தனை அடையாளமும் வெக்கையில்தான் வெளிப்படும். குளிர்ந்த மலையில் விளைந்த கிழங்கு, உள்ளே பாக்டீரியாவை வைத்துக்கொண்டே நோஞ்சல் இல்லாமல் பளபளவென்று இருக்கலாம். அதை விதைக்கிழங்காக வாங்கிவந்து சூடான தோட்டத்தில் ஊன்றிய பிறகுதான் சாயம் வெளுக்கும். அந்த ஒளிந்த நிலையில் டம்ளர் உதவாது. எலைசா, பிசிஆர் போன்ற ஆய்வகச் சோதனைதான் வேண்டும்.

சோலனேசியாரம் என்பதற்குப் பொருள், கத்தரிக் குடும்பத்தாருடையது. 1896இல் அமெரிக்கத் தாவர நோய் ஆய்வாளர் எர்வின் ஸ்மித் வைத்த பெயர். முன்பகுதியான ரால்ஸ்டோனியா 1995இல் சேர்ந்தது. சோலனேசியாரம் என்ற பெயரே எச்சரிக்கைதான்: உருளை போன இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்தால் அதற்கு மறுபடி பந்தி போட்டது போல. குடும்பத்துக்கு வெளியே இஞ்சியையும் அது விடாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் டம்ளரில் நூல் இறங்குவதைப் பார்த்துவிட்டு வாய்க்காலை அடைத்தார். துவண்ட செடிகளைக் கிழங்கோடு தோண்டி எடுத்தோம். அடுத்த போகம் தக்காளி என்றிருந்தவர், இப்போது ராகி போடலாம் என்கிறார்.