காய்ச்சல் விட்ட பிறகு வீங்கும் தாடை

1957இல் உகாண்டாவின் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனையில் வேலை பார்த்த ஹியூ ட்ரவல் என்ற மருத்துவர், ஒரு பையனைக் காட்டுவதற்காக அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட்டைக் கூப்பிட்டார். பையனுக்கு ஐந்து வயது. மேல்தாடை, கீழ்த்தாடை, இடம், வலம் என்று நான்கு பக்கமும் வீங்கி முகமே உருமாறியிருந்தது. பற்கள் ஆடின. சீழ்க்கட்டி ஒரு பக்கம் வரும். புற்றுக்கட்டியும் ஓரிடத்தில்தான் தொடங்கும். நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் எப்படி? பர்கிட்டுக்குப் பிடிபடவில்லை. சில வாரங்கள் கழித்து ஜிஞ்சா என்ற ஊர் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு சிறுமிக்கும் அதே முகம். ஓடிப்போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் கட்டிகள். பின்னாளில் பர்கிட் லிம்ஃபோமா என்று அவர் பெயரையே வாங்கிக்கொண்ட புற்றுநோய் இது.

ஒன்று என்றால் விசித்திரம் என்று விட்டுவிடலாம், இரண்டு வந்தால் விட முடியாது. பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஊர் ஊராக மருத்துவமனைகளுக்குப் படம் போட்ட துண்டறிக்கை அனுப்பி, "இப்படிப்பட்ட குழந்தைகள் உங்களிடம் வருகிறார்களா?" என்று கேட்டார். 1961இல் 250 பிரிட்டிஷ் பவுண்டுக்கு ஒரு பழைய ஃபோர்டு வண்டியை வாங்கி, இரண்டு மருத்துவ நண்பர்களோடு தெற்கே கிளம்பிவிட்டார். பத்து வாரம், 10,000 மைல், 57 மருத்துவமனைகள். பர்கிட்டுக்குச் சிறுவயது விபத்தில் ஒரு கண் போயிருந்தது. மீதமிருந்த ஒற்றைக் கண்ணால் அவர் பார்த்ததை மற்றவர்கள் இரண்டு கண்ணாலும் பார்க்கவில்லை. (நார்ச்சத்து நல்லது என்று பின்னாளில் உலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் இவரே. அது வேறு கதை.)

பயணத்தின் முடிவில் கையில் ஒரு வரைபடம் இருந்தது. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் பத்துப் பதினைந்து டிகிரி வரை, ஆப்பிரிக்காவின் குறுக்கே கச்சை கட்டியது போல இந்த நோய் கிடந்தது. அந்தக் கச்சையிலும் ஓட்டைகள். ரேகைக்கு அருகே 5,000 அடிக்கு மேலான ஊர்களில் கட்டி இல்லை. தெற்கே போகப் போக அந்த எல்லை இறங்கி 1,000 அடிக்கு வந்துவிட்டது. புற்றுநோய்க்கு மலை ஏறத் தெரியாதா என்ன? கடைசியில் பார்த்தால் விஷயம் உயரத்தில் இல்லை, குளிரில் இருந்தது. ஆண்டின் மிகக் குளிரான மாதத்திலும் வெப்பம் சுமார் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத, ஓரளவு மழையும் உள்ள இடங்களில் மட்டுமே கட்டி வந்தது. வெப்பமும் மழையும் யாருக்கு வேண்டும்? கொசுவுக்கு. என்டெபியில் வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த அலெக்சாண்டர் ஹாடோ வரைபடத்தைப் பார்த்ததும் இதைத்தான் சொன்னார்.

கொசு ஏதோ ஒரு புற்று வைரஸைக் கொண்டுவந்து போடுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். தேடினார்கள், வைரஸும் கிடைத்தது. 1961இல் லண்டனில் பர்கிட்டின் உரையைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டைன், கட்டித் துணுக்குகளை விமானத்தில் வரவழைத்து, 1964இல் பெர்ட் அச்சாங், இவோன் பார் ஆகியோருடன் சேர்ந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்டார். எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்று பெயர் வந்தது. ஆனால் அதைக் கொசு பரப்பவில்லை, எச்சில் பரப்பியது. அதைவிடச் சங்கடம், அது ஆப்பிரிக்காவில் மட்டும் இருக்கவும் இல்லை. உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களுக்கும் அநேகமாக இருக்கும். சின்ன வயதில் ஒரு சாதாரணக் காய்ச்சலாக வந்து, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே தங்கியிருக்கும். அப்படியிருக்க, அந்தக் கச்சைக்குள் பிறந்த குழந்தைக்கு மட்டும் ஏன் தாடை வீங்க வேண்டும்?

சரி, வைரஸ் எல்லா இடத்திலும் இருக்கிறது, கொசு சில இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கொசு வேறு எதையோ கொண்டுவருகிறது. 1960களிலேயே சிலர் விரலை நீட்டிவிட்டார்கள்: மலேரியா வகைகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரம் மலேரியா. கொசு ஒழிப்பு நடந்த சான்சிபார் தீவில் இந்தக் கட்டி அரிதாக இருந்தது. பப்புவா நியூ கினியின் மலேரியா நிறைந்த தாழ்நிலங்களிலோ ஆப்பிரிக்காவில் கண்ட அதே கட்டி.

ஆனால் இங்கேதான் கணக்கு இடித்தது. மலேரியா கடுமையாக உள்ள ஊரில் பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி காவல் இருக்கும். அதன்பின் ஐந்து வயது வரை மரணப் போராட்டம்: மூளையைத் தாக்கும் மலேரியா, ரத்தம் வற்றுதல், வலிப்பு. பிழைத்த குழந்தைக்கு மெல்ல மெல்ல ஒரு அரைகுறை எதிர்ப்பு உண்டாகிறது. ஒட்டுண்ணி ரத்தத்தில் இருக்கும், காய்ச்சல் இருக்காது. பள்ளிக்கூடம் போகும், பந்து விளையாடும். இந்தக் கட்டி உச்சத்துக்கு வரும் வயது எது தெரியுமா? ஆறு, ஏழு. மலேரியா கொல்லும் வயதில் வராமல், மலேரியாவை உடல் ஜெயிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் வயதில் வருகிறது.

இன்னொரு தடயமும் உண்டு. மலேரியா இல்லாத மேட்டுப் பகுதிகளிலிருந்து உகாண்டாவின் தாழ்நிலத்துக்குக் குடியேறியவர்களுக்கு இந்தக் கட்டி உள்ளூர்க் குழந்தைகளைவிட அதிக வயதில் வந்ததை 1960களிலேயே கவனித்தார்கள். அதாவது, பிறந்ததிலிருந்து ஓடும் கடிகாரம் அல்ல இது. முதல் மலேரியாக் கடியிலிருந்து ஓடத் தொடங்கும் கடிகாரம். எனக்கு இந்த முழு ஆராய்ச்சியிலும் மிக அழகான சான்றாகத் தோன்றுவது இதுதான், ஆய்வகம் எதுவும் இல்லாமல் வெறும் வயதையும் ஊரையும் கேட்டே கண்டுபிடித்தது.

அப்படியானால் எதிர்ப்பு சக்தி உருவாகும் வேலையில்தான் ஏதோ கோளாறு. அந்த வேலை எங்கே நடக்கிறது?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் கோலிக்குண்டு போல ஒன்று திரண்டு வலிக்கும். "நெறி கட்டியிருக்கு, புண்ணு ஆறினா தானா போயிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். உண்மைதான். அந்த நெறி ஒரு பட்டறை. கிருமியின் துணுக்குகள் அங்கே வந்து சேர, அவற்றோடு ஓரளவு பொருந்தும் பி செல்கள் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணுக்கள்) உள்ளே புகுந்து வெறியோடு பெருகும். பெருகும்போதே தங்கள் ஆன்டிபாடி மரபணுவைத் தாங்களே கீறித் திருத்திக்கொள்ளும், பூட்டுக்குச் சேரும் வரை சாவியை அரத்தால் ராவுவது போல. அந்த அரம் ஏஐடி என்ற நொதி. நன்றாகப் பொருந்திய செல் பிழைக்கும், பொருந்தாதது செத்துப்போகும். கிருமி ஒழிந்ததும் பட்டறை மூடப்படும், நெறியும் வற்றிவிடும். தடுப்பூசி போட்டால் நமக்குள் நடப்பதும் இதுவே.

தன் டிஎன்ஏவைத் தானே கீறிக்கொள்வது ஆபத்தான தொழில். அரம் எப்போதாவது வழுக்கும். எட்டாவது குரோமோசோமில் மிக் என்று ஒரு மரபணு இருக்கிறது. செல்லைப் பெருகச் சொல்லும் மரபணு அது, அளவாக விழித்து அளவாகத் தூங்க வேண்டியது. ஆன்டிபாடி மரபணு இருப்பது பதினான்காவது குரோமோசோமில். பி செல்லில் அது ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டிலும் வெட்டு விழுந்து, ஒட்டும்போது முனைகள் மாறிப்போனால், மிக் போய் ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அப்புறம் அதற்குத் தூக்கம் கிடையாது. குரோமோசோம் முனைகள் இடம் மாறியிருப்பதை 1970களில் நுண்ணோக்கியில் பார்த்தார்கள், மாறிய மரபணு மிக் என்பது 1982இல் தெரிந்தது. இந்தக் கட்டி ஓரிரு நாளில் இரட்டிப்பாகும். மனிதனுக்கு வரும் கட்டிகளில் இவ்வளவு வேகமாக வளர்வது வேறில்லை என்றே சொல்லலாம்.

இந்தத் தவறு நடந்த செல் சாதாரணமாகத் தானே செத்துவிடும். மிக் கட்டுமீறி ஓடினால் செல்லுக்குள் தற்கொலை ஏற்பாடு கிளம்பும். இந்த இடத்தில்தான் எப்ஸ்டைன்-பார் வைரஸ் கை கொடுக்கிறது. அது குடியிருப்பதே பி செல்லுக்குள். வீடு இடிந்தால் தனக்கும் இடமில்லை என்பதால், செல் சாகாமல் பார்த்துக்கொள்ளும் தந்திரங்கள் அதனிடம் உண்டு. கட்டிக்குள் அது தன் புரதங்களில் ஏறக்குறைய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் ஒளித்துவிடுகிறது. வைரஸ் புகுந்த செல்களை வேட்டையாடும் டி செல்களுக்கு அதனால் ஆளே அடையாளம் தெரிவதில்லை.

மலேரியா என்ன செய்கிறது? பட்டறையை மூட விடுவதில்லை. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி, தான் புகுந்த சிவப்பணுவின் மேல் ஒரு புரதத்தைப் போர்த்திவைக்கும். அந்தப் போர்வைக்கு அதனிடம் சுமார் 60 மரபணுக்கள். ஒன்றைப் பிடித்து ஆன்டிபாடி செய்து முடிப்பதற்குள் இன்னொன்றைப் போர்த்திக்கொள்ளும். மழைக்காலம் முழுக்கப் புதுப் புதுக் கொசு, புதுப் புது ஒட்டுண்ணி. குழந்தையின் நெறிகளிலும் மண்ணீரலிலும் அரம் ஓய்வதே இல்லை. போதாததற்கு, அந்தப் போர்வைப் புரதத்தின் ஒரு பகுதி பி செல்களை நேரடியாகவே உசுப்பி, உள்ளே தூங்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸையும் எழுப்பிவிடுகிறது. 2015இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு நீண்டநாள் மலேரியா கொடுத்துப் பார்த்தார்கள். பட்டறைகள் மாதக்கணக்கில் திறந்தே இருந்தன. புற்றைத் தடுக்கும் பி53 மரபணு நீக்கப்பட்ட எலிகளில், குரோமோசோம் இடம் மாறிய பி செல் கட்டிகள் வந்தன. வழுக்கிய அரம் ஏஐடிதான் என்பதும் தெரிந்தது.

காவல்காரனின் நிலையும் மோசம். 1984இல் காம்பியாவில், மலேரியாவில் படுத்திருந்தவர்களின் டி செல்களை எடுத்துச் சோதித்தபோது, எப்ஸ்டைன்-பார் வைரஸ் ஏறிய பி செல்களை அவற்றால் அடக்க முடியவில்லை. பிறகு கென்யாவில் இரண்டு இடங்களை ஒப்பிட்டார்கள். விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு, ஆண்டு முழுக்க மலேரியா. பக்கத்தில் நண்டி மேட்டுநிலம், எப்போதாவது மலேரியா. கிசுமு குழந்தைகளின் ரத்தத்தில் வைரஸ் அதிகம். அதை எதிர்க்கும் டி செல்களின் வேகமோ ஐந்து முதல் ஒன்பது வயதுக்காரர்களிடம் குறைந்திருந்தது. நண்டியில் அந்தக் குறை இல்லை. கட்டி வரும் வயதும் அதுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பு சக்தியே எதிரி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். கானாவில் கட்டி வந்த குழந்தைகளையும் வராதவர்களையும் ஒப்பிட்டபோது ஆன்டிபாடிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. அண்மையில் தொற்று வந்துபோனதைக் காட்டும் ஆன்டிபாடி அதிகம் இருந்தவர்களிடம் கட்டியும் அதிகம். மலேரியாவிலிருந்து உண்மையாகவே காக்கும் வகை என்று கருதப்படும் ஆன்டிபாடி இருந்தவர்களிடம் கட்டி குறைவு. போராடிக்கொண்டே இருப்பது வேறு, ஜெயித்து முடிப்பது வேறு. பிறவியிலேயே வரும் பாதுகாப்பும் இதே பக்கம்தான் சாய்கிறது. சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் மரபணு, தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்களுக்குக் கடுமையான மலேரியா வருவது குறைவு. நீலகிரிப் பழங்குடிகளிடமும் அது இருப்பது 1952இலேயே தெரியவந்தது. ஆப்பிரிக்காவில் அந்த மரபணு உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கட்டி குறைகிறதா என்று பார்த்த தொடக்க ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் பேசின. அண்மையில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகள், ஓரளவு குறைகிறது என்கின்றன.

நேரடியாகவே சோதித்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்த்தார்கள். தான்சானியாவின் வடக்கு மாரா பகுதியில் 1977 முதல் குழந்தைகளுக்குக் குளோரோகுயின் மாத்திரை கொடுத்தார்கள். மலேரியா இறங்கியது, கட்டியும் குறைந்தது. ஆனால் கட்டி குறையத் தொடங்கியது மாத்திரைக்கு முன்பே. நடுவில் ஒட்டுண்ணி மருந்துக்குப் பழகிக்கொண்டு மலேரியா பழையபடி ஏறிவிட்டது. இத்தனை பாடுபட்டும் தீர்ப்பு எழுத முடியாத சோதனை. மலேரியா கொட்டிக் கிடக்கும் ஊரிலும் இந்தக் கட்டி ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒரு சிலருக்குத்தான் வரும் என்பதால், எண்ணிக்கையை வைத்து எதையும் நிரூபிப்பது பெரும் பாடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எப்ஸ்டைன்-பார் வைரஸைப் புற்று உண்டாக்கும் என்றே உறுதியாகப் பட்டியலிட்டது. 2012இல் மலேரியாவைப் பரிசீலித்தபோது, ஃபால்சிபாரம் ஓயாமல் பரவும் இடங்களில் அது "அநேகமாக" உண்டாக்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்த "அநேகமாக" என் கண்ணில் கொஞ்சம் அதிகமான எச்சரிக்கைதான்.

பெரிய சோதனை ஒன்று இப்போது தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. 2019இல் மலாவி, கானா, கென்யா மூன்று நாடுகளிலும் முதல் மலேரியாத் தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு வழக்கமான ஊசிகளோடு சேர்த்துப் போடத் தொடங்கினார்கள். கென்யாவில் அது தொடங்கியது விக்டோரியா ஏரிக்கரையின் ஹோமா பேயில், பர்கிட்டின் கச்சைக்குள். அப்போது ஆறு மாதக் கைக்குழந்தைகளாக ஊசி போட்டுக்கொண்டவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, அந்த ஆறு, ஏழு வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.