வண்ண இறால் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் கொசு மருந்தை வேறு அறைக்கு மாற்றுங்கள்

இறால் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன தீனி போடணும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "தொட்டி வைக்கப்போற ரூம்ல கொசுவுக்கு என்ன போடுறீங்க?" இவன் எதற்குச் சம்பந்தமில்லாமல் கேட்கிறான் என்று பலர் விழிப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் எனக்கு, "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு அண்ணா, காலையில பார்த்தா எல்லாம் மல்லாந்து கிடக்கு" என்று போன் வரும். விசாரித்துக்கொண்டே போனால் பல நேரம் அது ஒரு கொசுவிரட்டி லிக்விடில் போய் நிற்கும்.

இறாலைச் சின்ன மீன் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அது கணுக்காலி. கொசு, கரப்பான், நண்டு, இறால் எல்லாம் தூரத்துச் சொந்தங்கள். பூச்சியின் நரம்பைத் தாக்கச் செய்த மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். லிக்விட், கொசுவத்தி, கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மீனுக்கும் அது ஆகாது; இறாலுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். அறைக்காற்றில் இருப்பது தண்ணீருக்குள் எப்படிப் போகும் என்று கேட்கலாம். தொட்டிக்குக் காற்று விடும் ஏர் பம்ப் வேறு எங்கிருந்து காற்றை எடுக்கிறது? லிக்விட் மெஷினையும் ஏர் பம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் செருகி வைத்திருந்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

விஷம் ஏறிய இறால் முதலில் காரணமில்லாமல் தொட்டி முழுக்கத் தாறுமாறாகப் பாயும். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து கால்களை மட்டும் உதறிக்கொண்டு கிடக்கும். அந்தக் கட்டத்தில் பம்பைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, அதே தன்மையுள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கலாம். பிழைப்பது சந்தேகம்தான். நாய்க்கு உண்ணி மருந்து போட்ட கை, கொசு கிரீம் தடவிய கை, சானிடைசர் போட்ட கை எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது. தெருவில் புகை மருந்து அடிக்க வண்டி வந்தால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, அரை மணி நேரம் பம்பை நிறுத்துங்கள். கடையில் வாங்கும் செடியிலும் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். தனி வாளியில் 2 வாரம் போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றிய பிறகே தொட்டிக்கு ஏற்ற வேண்டும்.

அடுத்த எதிரி தாமிரம். வெள்ளைப்புள்ளி நோய்க்கு மீன்களுக்கு ஊற்றும் சில மருந்துகளில் காப்பர் சல்பேட் இருக்கும். மீன் பிழைக்கும், இறால் போய்விடும். குடிக்க நல்லது என்று செம்புக் குடத்தில் வைத்த தண்ணீரையும் கீசர் தண்ணீரையும் தொட்டிக்கு ஊற்றாதீர்கள்.

சரி, எந்த இறாலில் தொடங்குவது? செர்ரி இறால். கேள்வியே வேண்டாம். நியோகரிடினா டேவிடி என்ற இந்த இனத்தின் இயற்கை நிறம் மங்கிய பழுப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் வளர்ப்பாளர்கள் பொறுக்கியெடுத்துப் பெருக்கியவை. அதனால் இரண்டு நிறங்களை ஒரே தொட்டியில் விட்டால் சில தலைமுறையில் பழுப்புக் குஞ்சுகளாக வரும். 1990களில் ஜப்பானில் ஹிசயாசு சுசுகி உருவாக்கிய சிவப்பு வெள்ளைக் கோடுபோட்ட கிரிஸ்டல் ரெட்டைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அதற்கு 24 டிகிரிக்குள் குளிர்ச்சியும், சற்றே அமிலத்தன்மையுள்ள, தாதுக்கள் குறைந்த மென்னீரும் வேண்டும். சென்னை வீட்டில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது தாங்காது. விற்கிற நானே சொல்கிறேன், முதல் தொட்டிக்கு வாங்காதீர்கள்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியது. செர்ரி இறாலுக்கு டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 150 முதல் 250 வரை, பிஎச் (அமில-காரத் தன்மை) 6.5 முதல் 7.8 வரை இருந்தால் நிம்மதி. நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீரின் டிடிஎஸ் 1000ஐத் தாண்டும். அதற்குப் பயந்து ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் ஓடு கட்டத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் இருக்காது. இரண்டையும் கலந்து மீட்டரில் பார்த்து ஊற்றுவது ஒரு வழி. ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கான தாது உப்புத்தூளைக் கரைப்பது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது இதுதான், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். மெட்ரோ வாட்டர் என்றால் ஒரு நாள் வாளியில் வைத்துக் காற்று விட்டு, குளோரின் போன பிறகு பயன்படுத்துங்கள்.

இந்தத் தாதுக்கள் ஏன் முக்கியம் என்பது இறால் சட்டை உரிக்கும்போது தெரியும். வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வரும். புதிதாக வளர்ப்பவர்கள் உரித்த சட்டையைப் பார்த்து இறால் செத்துவிட்டதென்று பதறுவார்கள். உற்றுப் பாருங்கள்: சட்டை கண்ணாடிபோல உள்ளே வெறுமையாக இருக்கும், கழுத்துப் பக்கம் பிளந்திருக்கும், மீசைகூட அப்படியே இருக்கும். செத்த இறால் பால்போல வெளுத்து அல்லது வேகவைத்தது மாதிரி இளஞ்சிவப்பாகிவிடும். சட்டையை எடுத்துப் போடாதீர்கள். அதையே தின்று கால்சியத்தைத் திருப்பிக்கொள்ளும். தலைக்கும் உடலுக்கும் நடுவே சுற்றிலும் வெள்ளை வளையம் தெரிந்தால் ஓடு சரியாகக் கழலவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றியதன் விளைவு இது. வாரம் 10 முதல் 15 சதவீதம் மாற்றினால் போதும்.

தொட்டி 20 லிட்டரிலிருந்து எதுவானாலும் சரி, பெரிதானால் இன்னும் நல்லது. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா மாஸ் என்ற பாசிச்செடி, மெல்லிய சரளை போதும். வேறு ஃபில்டர் வைத்தால் குஞ்சுகளை உள்ளே இழுத்துவிடும். தொட்டியை வைத்த அன்றே இறால் கேட்டால் நான் கொடுப்பதில்லை. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் இரண்டும் சைபர் காட்ட வேண்டும். அதற்குள் கண்ணாடியிலும் இலையிலும் வழுவழுவென்று ஒரு படலம் படரும். அதுதான் இறாலுக்கு அன்றாடச் சாப்பாடு, துடைத்தெடுத்துவிடாதீர்கள். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றைப் போட்டு வைத்தால் நாள் முழுக்க அதன்மேல் உட்கார்ந்து கொறிக்கும். தனித் தீவனம் வாரத்தில் 2 அல்லது 3 நாள், 2 மணி நேரத்தில் தீர்கிற அளவு. மார்க்கெட் கீரை போடுவதானால் நன்றாக அலசி வேகவைத்துப் போடுங்கள். மருந்து அடிக்காத வீட்டு முருங்கை இலை என்றால் இன்னும் நிம்மதி.

இறாலை வாங்கி வந்ததும் பையை அவிழ்த்துக் கொட்டாதீர்கள். பைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, ஏர் டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் வலையால் எடுத்து இறாலை மட்டும் தொட்டியில் விடுங்கள். 10, 15 இறாலாக வாங்கினால் ஆணும் பெண்ணும் கலந்து வரும்.

சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. நீர்ப்பரப்பின்மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டுங்கள். தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால் போர் தண்ணீர் ஊற்றினால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும்.

எல்லாம் ஒத்துவந்தால் பெண் இறால் வயிற்றுக்கடியில் 20, 30 முட்டைகளைச் சுமந்து, கால்களால் விசிறிக்கொண்டே திரியும். சுமார் ஒரு மாதத்தில் பெரியதன் அச்சாக, எறும்பளவில் குஞ்சுகள் வரும். தொட்டியில் ஏஞ்சல், கப்பி மீன்கள் இருந்தால் தின்றுவிடும்; அந்தக் குஞ்சுகளைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்காது.

பெருகி இடம் போதாமல் போனால் ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். ஜெர்மனியில் மின்நிலைய வெந்நீர் கலக்கும் கில்பாக் ஓடையில் இதே செர்ரி இறால் குடியேறிப் பெருகிக் கிடக்கிறது. நம் ஊர்த் தண்ணீர் அதற்குச் சூடேற்றாமலே ஒத்துக்கொள்ளும். மிஞ்சியதை வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். என்னிடம் கொண்டுவருகிறவர்களுக்குப் பதிலுக்குத் தீவனமோ செடியோ கொடுத்து அனுப்புவேன்.