குட்டி வாங்கும் முன் டாக்டரைப் பாருங்கள்

ரத்தமாகப் பேதி போகும் நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ராத்திரி எந்த கிளினிக் திறந்திருக்கும் என்று போனில் தேடுகிறார்கள். வந்ததும் முதல் வார்த்தை: "ஊசி போட்டாச்சே டாக்டர்!" எத்தனை என்றால், ஒன்று. குட்டியை விற்றவர் முப்பத்தைந்தாவது நாளில் போட்டதாம்.

இந்த ரத்தப் பேதிக்குக் காரணமான பார்வோ வைரஸிடமிருந்து ஒரு ஊசியை நம்பித் தப்ப முடியாது. சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை, அது தடுப்பூசியையும் சேர்த்தே முறியடித்துவிடும். அது வடியும் காலம் குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஈத்துக் குட்டிகளிலேயே ஒன்றுக்கு எட்டு வாரத்தில் வடியும், இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம்கூட ஆகும். எந்தக் குட்டிக்கு எப்போது என்று பார்த்துச் சொல்ல முடியாததால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும்வரை போடுகிறோம். பணம் பிடுங்க அல்ல. கடைசி ஊசியை விட்டால் முன்பு போட்டதெல்லாம் வீணாகலாம். வெறிநோய்த் தடுப்பூசி தனி. மூன்று மாதம் முடிந்ததும் தொடங்க வேண்டும், ஆண்டுதோறும் தொடர வேண்டும். போட்டதற்குச் சாட்சி, மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் உள்ள அட்டை. "போட்டுட்டேன் சார்" கணக்கில் சேராது.

செலவைப் பாருங்கள். தடுப்பூசி சில நூறு ரூபாய். பார்வோ வந்துவிட்டால் நாள்கணக்கில் டிரிப், வாந்திக்கு ஊசி, ஆன்டிபயாடிக், ரத்தப் பரிசோதனை என்று பல ஆயிரம் போகும். பிழைக்கும் என்று உறுதியும் சொல்ல முடியாது. பெட்டை நாய்க்குக் கருத்தடையும் அப்படித்தான். வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடித்து வந்தால், கருத்தடையில் எடுத்திருக்க வேண்டிய அதே கருப்பையை உயிருக்குப் போராடும் உடம்பிலிருந்து எடுக்க வேண்டும், செலவும் ஆபத்தும் பல மடங்கு. இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எடையை யோசியுங்கள்: பூச்சி மாத்திரை முதல் மயக்க மருந்துவரை எடைக்கேற்றபடிதான். 30 கிலோ லேப்ரடாருக்கு 15 கிலோ நாட்டு நாயைப்போல் இருமடங்கு மருந்து. மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். காப்பீடு எடுப்பதென்றால் ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுங்கள்; ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாகத் தரமாட்டார்கள்.

டாக்டரைக் குட்டி வருமுன்பே போய்ப் பாருங்கள். பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டம் முடித்து மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவராக இருக்க வேண்டும். பெட் ஷாப்காரரும் மெடிக்கல் கடைக்காரரும் டாக்டர் அல்ல. ஞாயிற்றுக்கிழமையும் இரவும் யார் பார்ப்பார்கள், எக்ஸ்ரே, ஸ்கேன் அங்கேயே உண்டா, பூனைக்கு அறுவை செய்வார்களா என்று கேளுங்கள். கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ளமாட்டார். பக்கத்து அரசு கால்நடை மருந்தகம், பன்முக மருத்துவமனை இவற்றின் நேரத்தையும் குறித்து வையுங்கள். பெரிய அறுவைக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

டாக்டர் செலவை மிச்சம் பிடிக்க வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரே மாத்திரை போதும், உயிர் போக. நாய்க்கு இப்யூபுரூஃபனும் விஷம்தான். ஆண் பூனை மண்தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் அல்ல, அடைப்பு. விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தாலும் அப்படியே, உடனே கிளம்புங்கள்.

கையில் பணம் குறைவென்றால் தயவுசெய்து முதலிலேயே சொல்லுங்கள், இதில் கூச்சமே வேண்டாம். எந்தப் பரிசோதனை இன்றே வேண்டும், எது நாளைக்குத் தள்ளலாம் என்று பிரித்து எஸ்டிமேட் தர முடியும். சொல்லாமல் இரண்டாம் நாளே டிரிப்பை நிறுத்திக் கூட்டிப்போனால், அதுவரை செலவழித்ததும் போய், குட்டியும் போய்விடும்.