தடாகத்துக்குத் தண்ணீர் எடுக்க வரும் குளவி

பெப்ரவரியில் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஓடைகள் மெலிந்துவிடும். பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும். விருந்தினர் விடுதியாக மாறிய பழைய துரை பங்களாவின் நீச்சல் தடாகம் மட்டும் அப்போதும் விளிம்பு தொட நிற்கும். குளவிக்கு இதைவிட வசதியான பீலி கிடையாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் இதே நெருக்கடி ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை வரும். குளவி பெருகிவிட்டதென்று ஆட்கள் பதறுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். உண்மையில் பெருகியது குளவி அல்ல, குறைந்தது மற்ற இடத்துத் தண்ணீர்.

தண்ணீர் எடுக்க வரும் குளவி காவலுக்கு வந்த குளவி அல்ல. கூட்டுக்குப் பக்கத்தில் உயிரைக் கொடுத்துத் தாக்கும் அதே பூச்சி, தடாக விளிம்பில் நசுங்கினாலோ விரல்களுக்கிடையில் சிக்கினாலோ ஒழிய கொட்டுவதில்லை. அங்கே அதை அடித்துக் கொல்வதால் நமக்கு லாபமும் இல்லை. நாளைக்கு அதே கூட்டிலிருந்து வேறொன்று வரும். கூடு பக்கத்திலேயே இருந்தால் ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் பல இனங்களில் நஞ்சோடு எச்சரிக்கை மணமும் வெளிப்பட்டு மற்றவற்றைத் தூண்டிவிடும்.

அந்தத் தண்ணீர் இரண்டு வேலைக்குப் போகிறது. முதலாவது கூடு கட்ட. குளவிக் கூடு காகிதம்தான். வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமாகிப்போன மரத்தின் நாரைச் சுரண்டி, எச்சிலும் தண்ணீரும் சேர்த்து மென்று, ஈரக்கூழாக ஒட்டிக் காயவிடும். தடாகத்தைச் சுற்றிப் போட்ட பலகைத் தளத்திலோ வேலிக்கட்டையிலோ மெல்லிய வெளிர்க்கோடுகள் தென்பட்டால், அங்கே நார் எடுக்கிறது என்று பொருள். அந்தப் பலகைக்கு வர்ணமோ எண்ணெயோ பூசிவிட்டால் ஒரு வேலை ஒழிந்தது.

இரண்டாவது, கூட்டைக் குளிர்விக்க. தீனிப்பையில் கொண்டுவந்த நீரை அறைகளின் மீது துளியாக வைத்து இறக்கையால் விசிறும். ஒரு மில்லிலீட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கன மீட்டர் காற்றை 2 பாகை செல்சியஸ் குளிர்விக்க அது போதும். ஒரு கூட்டுக்குள் இருப்பதோ சில லீட்டர் காற்று. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் இந்தத் தேவை குறைவு. ஏறக்குறைய 500 மீட்டரில் இருக்கும் கண்டியில், தகரக் கூரையடியில் கட்டிய கூட்டுக்கு நடுப்பகலில் இதுதான் முழுநேர வேலை.

நம்மிடம் 'குளவி' என்ற ஒரே சொல் மூன்று வகை உயிர்களுக்கு ஓடுகிறது. சிங்களத்தில் தெபரா (குளவி), பம்பரா (பெருந்தேனீ) என்று பிரித்துச் சொல்வதை நாம் சேர்த்துக் கட்டிவிட்டோம். கொழுந்து மலையில் 'குளவி கொட்டியது' என்று வரும் செய்திகளில் சில உண்மையில் பெருந்தேனீயின் வேலை. எது வருகிறது என்று தெரியாமல் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது.

மெலிந்த உடலும் தொங்கும் கால்களுமாக வருவது காகிதக் குளவி. நம் பகுதியில் ரொபலிடியா இனங்கள் சாதாரணம். இதன் கூட்டுக்கு உறை கிடையாது, அறைகள் வெளியே தெரியும். கட்டும் இடங்கள்: கூரை விளிம்பு, பம்பு மூடியின் உட்புறம், குடைக்கம்பு, சாய்வு நாற்காலியின் அடிப்பக்கம், ஏணிக்கைப்பிடியின் குழாய் ஓட்டை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது இந்தக் குடும்பத்து ரொபலிடியா மார்ஜினேட்டாவைத்தான். அது ஆண்டு முழுவதும் புதுக்கூடு தொடங்கும். 'குளிர்காலம் வரட்டும், கூடு தானாகச் செத்துவிடும்' என்று குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்வதை நம்பி இங்கே காத்திருக்கக் கூடாது.

தடித்த கருத்த உடலில் இடுப்புக்குக் கீழே செம்மஞ்சள் பட்டையோடு, மோட்டார் போல இரைந்துகொண்டு வந்தால் அது வெஸ்பா எனும் பெருங்குளவி. வெஸ்பா அஃபினிஸ், வெஸ்பா ட்ரோப்பிக்கா இரண்டும் இலங்கையில் உண்டு. அஃபினிஸ் மரத்திலோ புதரிலோ கூரையடியிலோ உறைபோட்ட பெருங்கூடு கட்டும். ட்ரோப்பிக்கா அதிகமாக மண்பொந்தையும் மரப்பொந்தையும் தேடும். ட்ரோப்பிக்காவுக்குப் பிடித்த இரை காகிதக் குளவியின் புழுக்கள். சின்னக் கூடுதானே என்று நாலைந்தை விட்டுவைத்த பங்களாவுக்குப் பெரியது தேடி வருவதில் வியப்பில்லை.

மூன்றாவது பம்பரா, பெருந்தேனீ. உயர்ந்த யூக்கலிப்டஸ் கிளையிலோ பாறை விளிம்பிலோ ஒற்றை அடையாகத் தொங்கும். அடை ஒரு மீட்டர் அகலம் வரும். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் கூட்டம் இது, தானாகவே கிளம்பிப்போகும். கலைத்தால்தான் வம்பு. தேன்பருந்து அடையைக் குத்திய பிறகு கீழே கொழுந்தெடுப்பவர்கள் கொட்டு வாங்குவது மலையகத்துக்குப் பழகிய சங்கதி. பம்பராவுக்கு இன்னொரு குணமும் உண்டு. நிலா வெளிச்சத்தில் பறக்கும், இரவு விளக்கைத் தேடியும் வரும். பக்கத்தில் அடை இருந்தால் தடாகத்தின் வெள்ளை விளக்குகளை அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் மங்கலான மஞ்சளுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் காலையில் தண்ணீர் முழுக்கத் தேனீ மிதக்கும்.

இனித் தடாகம். காகிதக் குளவி தண்ணீரின் மீதே இறங்கி நிற்கும். 20 பாகையில் நீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.073 நியூட்டன். 0.1 கிராம் எடையுள்ள குளவியைத் தாங்க, கால்கள் நீரைத் தொடும் கோடு எல்லாம் சேர்த்து 14 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஆறு கால்களையும் பரப்பினால் அது எளிதில் கிடைத்துவிடும். பெரிய வெஸ்பா பெரும்பாலும் கரையோர ஈரத்தில் நின்றே குடிக்கும். இதில் நமக்கு இரண்டு பிடி இருக்கின்றன. வடிகட்டியிலிருந்து நீர் திரும்பி வரும் வாயின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, பகலில் மேற்பரப்பு சிற்றலையாக அசையும்படி வைத்தால் இறங்குவது கடினம். மிதக்கும் இலை, சொட்டும் குழாய், கசியும் ஹோஸ் இணைப்பு, வழிந்தோடும் கானின் பாசி ஆகியவை இல்லாவிட்டால் நிற்க இடம் இல்லை. ஆள் குளிக்காத நேரத்தில் மூடுதிரை போடுவது எல்லாவற்றிலும் சிறந்தது, அதன் மேல் மழைநீர் தேங்காத வரையில்.

குளோரீனைக் கூட்டினால் குளவி வராது என்பது வீண் நம்பிக்கை. லீட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்ற வழமையான அளவு அதைத் துரத்தாது. அளவை ஏற்றினால் எரிவது குளிப்பவரின் கண்தான். சவர்க்கார நீரைத் தடாகத்தில் ஊற்றுவதும் வேண்டாம். நுரையும் வரும், குளோரீனும் வீணாகும்.

தண்ணீரைப் பறிப்பதோடு நிற்காமல் வேறிடத்தில் கொடுக்கவும் வேண்டும். அகலமான தட்டில் கூழாங்கல்லும் நனைந்த சாக்குத்துண்டும் போட்டு, குளவிகள் இப்போது குடிக்கும் இடத்திலேயே முதலில் வையுங்கள். அவை பழகியதும் நாளுக்கு ஒரு மீட்டர் அளவில் நகர்த்தி, 15 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். எடுத்த எடுப்பில் தூரத்தில் வைத்தால் கண்டுகொள்ளாது. இடத்தை நினைவில் வைத்து வரும் பூச்சி அது. தட்டு ஒரு நாள் வறண்டாலும் தடாகத்துக்குத் திரும்பிவிடும். நுளம்பு முட்டையிடாமல் இரண்டு நாளைக்கொரு தரம் கழுவி மாற்றுங்கள்.

கூட்டைக் கண்டுபிடிக்கக் காலை எட்டு முதல் பத்து வரை நல்ல நேரம். தண்ணீர் சுமந்த குளவி அநேகமாக நேர்க்கோட்டில் வீடு திரும்பும். மர நிழல் பின்னணியாக இருக்கும்படி நின்றால், சாய்ந்த வெயிலில் அது மின்னிக்கொண்டு போவது தெரியும். இரண்டு இடங்களிலிருந்து திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தை நெருங்காமல் தூரத்திலிருந்து பாருங்கள்.

பத்துக்கும் குறைவான காகிதக் குளவிகள் உள்ள கூட்டை மட்டும், ஏணியில்லாமல் எட்டுமானால், வீட்டாரே எடுக்கலாம். ஒரு லீட்டர் நீரில் பாத்திரம் கழுவும் திரவம் 30 மில்லிலீட்டர். இருட்டிய பின், எல்லாம் அடையில் உட்கார்ந்திருக்கும்போது, முழுக்கை உடுப்போடு, சிவப்பு வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பீச்ச வேண்டும். சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. சவர்க்காரம் நீரின் இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குவதால் நீர் மூச்சுத்துளைக்குள் புகுந்து குளவி மூச்சடைத்துச் சாகும். மறுநாள் அடையைத் தட்டி, காம்பையும் சுரண்டித் துடைத்துவிடுங்கள். பூச்சிமருந்து ஸ்பிரே வேகமாகக் கொல்லும்தான். ஆனால் அதிலுள்ள பைரித்ராய்டு மருந்து மீனுக்கும் நஞ்சு, மேட்டுத் தடாகத்தின் வடிகால் கீழே யாருடைய ஓடையில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெஸ்பா கூட்டிலும் பம்பரா அடையிலும் கை வைக்காதீர்கள். பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினால் காகிதம் எரியும், வெளியே இருந்தவை பரவித் தாக்கும், வறண்ட புல்லும் பற்றிக்கொள்ளும். பாதுகாப்பு உடை உள்ள ஆட்களை அழையுங்கள். அதுவரை அந்தப் பக்கம் புல்வெட்டும் இயந்திரம் ஓடக் கூடாது. அதிர்வே அவற்றைக் கிளப்பிவிடும்.

கூட்டம் கிளம்பிவிட்டால் தடாகத்தில் குதிக்கத் தோன்றும், குதிக்காதீர்கள். மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், மூச்சுக்குத் தலையைத் தூக்கியதும் முகத்தில் கொட்டும். முகத்தை மூடிக்கொண்டு, கையை வீசாமல், கதவடைக்கக்கூடிய அறைக்கோ வாகனத்துக்கோ ஓடுங்கள். மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் கிடக்கும் 'செத்த' குளவியையும் வெறுங்கையால் அள்ளாதீர்கள்; நனைந்து மயங்கியது உலர்ந்து எழும், செத்ததன் கொடுக்கும் கொஞ்ச நேரம் வேலை செய்யும்.

பம்பரா கொடுக்கை விட்டுப்போகும். எப்படியாவது உடனே எடுங்கள், முறையைவிட வேகம் முக்கியம். குளவி விடாது. கொட்டிய இடத்தைக் கழுவிக் குளிர்ந்த துணி வையுங்கள். சுண்ணாம்பு தடவுவதில் பயனில்லை, நஞ்சு தோலுக்கடியில் இறங்கியாயிற்று. மூச்சுத் திணறல், தொண்டை அல்லது நாக்கு வீக்கம், உடல் முழுவதும் தடிப்பு, தலைச்சுற்று இவற்றில் எது வந்தாலும் படுக்கவைத்து, மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவைத்து, 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பல கொட்டு வாங்கியவர் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவது சில நாள் கழித்தும் வெளிப்படலாம். சிறுநீர் குறைவதும், தேயிலைச் சாயம் போலக் கறுத்து இறங்குவதும் அதன் அடையாளம்.