104 டிகிரியிலும் கூலன்ட் ஏன் கொதிப்பதில்லை?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “காரில் ஓபிடி ரீடர் (இன்ஜின் கணினியின் அளவுகளைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டிப் பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 104 டிகிரி என்று காட்டுகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிட வேண்டாமா? கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சூடு குறையும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?”

கழற்ற வேண்டாம். 104 டிகிரி பல இன்ஜின்களுக்கு இயல்பான சூடுதான். ரேடியேட்டர் ஃபேன் ஏறக்குறைய அந்த அளவில்தான் ஓடத் தொடங்கும். ஆனால் கேள்வியின் முதல் பாதி அருமையானது. அதற்கான விடை தெரிந்தால் காரின் குளிர்விப்பு அமைப்பில் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

அடிப்படை எல்லோரும் அறிந்ததுதான். எரிபொருள் தரும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறது, ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது, மீதி சிலிண்டர் சுவர்கள் வழியாகக் கூலன்டில் இறங்குகிறது. பம்ப் அதைச் சுற்றவிடுகிறது, ரேடியேட்டர் அதன் சூட்டைக் காற்றில் விடுகிறது. 100 டிகிரியைத் தாண்டியும் அந்தத் திரவம் திரவமாகவே இருப்பதற்குக் காரணம், கையளவு மூடி ஒன்று.

ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் எத்தனை பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) வரை உள்ளே அழுத்தம் ஏறலாம் என்பதை அது சொல்கிறது. மூடியின் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் இருக்கின்றன. சூட்டில் கூலன்ட் விரிய விரிய உள்ளே அழுத்தம் கூடும். குறித்த அளவைத் தாண்டினால் ஸ்பிரிங் நசுங்கி, மிகுந்த திரவம் பக்கத்து டப்பாவுக்குப் போகும். பிரஷர் குக்கரின் வேலையேதான் இது. டெனிஸ் பாப்பின் 1679-இல் செய்து காட்டிய நீராவிப் பாத்திரத்தின் தத்துவம் இன்று ஒவ்வொரு பானட்டுக்கு அடியிலும் இருக்கிறது. அழுத்தம் 0.9 பார் கூடினால் வெறும் தண்ணீரே 118, 119 டிகிரி வரை கொதிக்காது. பாதித் தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்திலேயே 107 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 125 டிகிரியைத் தாண்டிவிடும். வாசகரின் 104 டிகிரிக்கும் கொதிநிலைக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கிறது.

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதே என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஏன் என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 120 டிகிரியில், அழுத்தத்துக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. இனி அது 100 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்க முடியாது. கூடுதலாக உள்ள 20 டிகிரி சூடு, அதாவது சுமார் 84 கிலோஜூல், அங்கேயே தண்ணீரை ஆவியாக்கத் தொடங்கும். ஒரு கிராம் ஆவியாக ஏறத்தாழ 2.26 கிலோஜூல் வேண்டும். ஆக 37 கிராம் ஆவியாகிறது. ஒரு கிராம் நீராவி அடைக்கும் இடம் சுமார் 1.67 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நொடியில் 60 லிட்டருக்கு மேல் நீராவி கிளம்புகிறது. அது தனியாக வருவதில்லை, மேலே உள்ள கொதிநீரையும் அள்ளிக்கொண்டு முகத்தை நோக்கி வருகிறது. மூடியின் மேல் துணியைப் போட்டுத் திறந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெறுங்கையால் சுடாமல் பிடிக்க முடிகிற வரை, அழுத்தினால் அது விறைப்பின்றிக் குழைகிற வரை மூடியில் கை வைக்கவே கூடாது.

இந்த அழுத்தத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. இயந்திரவியலில் இதைவிட அழகான இடம் குறைவு.

சிலிண்டர்களின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டில், புகை வெளியேறும் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே மெல்லிய உலோகப் பாலம் ஒன்று இருக்கும். இன்ஜினிலேயே அதிகம் வேகும் இடங்களில் ஒன்று அது. அதன் மறுபக்கத்தில் கூலன்ட் ஓடுகிறது. ஓடும் கூலன்ட் 100 டிகிரி சுற்றி இருந்தாலும், அங்கே சுவரின் சூடு கொதிநிலையைத் தாண்டிவிடுகிறது. அதனால் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும் கொதிக்கிறது. உலோகத்தின் நுண்ணிய குழிகளில் குமிழிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் சுவரிலிருந்து ஆவியாக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு கிளம்பி, சற்றே குளிர்ந்த நடு ஓட்டத்தில் கலந்ததும் நசுங்கி மறைகிறது. வாங்கிய வெப்பத்தை அங்கேயே கொடுத்துவிடுகிறது. குமிழி விட்டுப்போன இடத்துக்குப் புதுத் திரவம் பாய்கிறது. வெறுமனே ஓடும் தண்ணீர் எடுப்பதைவிடப் பல மடங்கு வெப்பத்தை இந்தக் கொதிப்பு எடுத்துவிடுகிறது. ஆக, கூலன்ட் கொதிக்கவில்லை என்று மேலே சொன்னது முழு உண்மையில்லை. சரியான இடத்தில், சரியான அளவுக்குக் கொதிக்கிறது. அதனால்தான் ஹெட் பிழைக்கிறது.

இதற்கும் எல்லை இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி ஷிரோ நுகியாமா 1934-இல் மெல்லிய கம்பியைத் தண்ணீரில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கிப் பார்த்தார். கம்பி கொதிநிலையைவிடச் சற்றே கூடுதலாகச் சுடும்போது வெப்பம் தண்ணீருக்குப் போகும் வேகம் மளமளவென்று ஏறியது. பிறகு ஓர் உச்சம் வந்தது. அதைத் தாண்டியதும் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கம்பியைச் சுற்றி ஆவிப் போர்வையாகிவிட்டன. ஆவி வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது. கம்பியின் சூடு ஒரே தாவலில் எகிறி, நிக்ரோம் கம்பி உருகிவிட்டது. பிளாட்டினக் கம்பிதான் தாக்குப்பிடித்தது. இன்று அணு உலை முதல் இன்ஜின் ஹெட் வரை கொதிப்பைக் கணக்கிடும் எவரும் அந்த வளைகோட்டில்தான் தொடங்குகிறார்கள். தண்ணீரில் கம்பியைச் சூடாக்கும் ஆய்வு உடனடி லாபம் எதையும் காட்டாது. ஆனாலும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். இப்படிப்பட்ட அடிப்படை ஆய்வைப் ‘பயன் என்ன’ என்ற ஒரே கேள்வியால் வெட்டும் நிதிக்குழு, முப்பது ஆண்டுக்குப் பின் வரப்போகும் பயன்களையும் சேர்த்தே வெட்டுகிறது.

இப்போது மூடிக்குத் திரும்பலாம். மூடியின் ரப்பர் இறுகிப்போய், 0.9 பார் பிடிக்க வேண்டியது 0.2 பார்தான் பிடிக்கிறது என்றால் கொதிநிலை கீழே இறங்கிவிடும். வால்வுப் பாலத்தில் பிறந்த குமிழிகள் நசுங்காமல் ஒன்றுகூடும். ஆவிப் போர்வை விழும். ஹெட் வளையும், ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும். அந்த நேரத்திலும் டாஷ்போர்டு முள் நடுவிலேயே நிற்கலாம். பல கார்களில் 80 முதல் 110 டிகிரி வரை முள் நகராதபடிதான் வைத்திருக்கிறார்கள். சென்சார் ஆவிக்குள் மாட்டிக்கொண்டால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

அதனால் மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். இன்ஜின் ஆறிய பின் கழற்றிப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு, தட்டையான தழும்பு, வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தால் மாற்றிவிடுங்கள். அடியில் நடுவே பொட்டு மாதிரி இன்னொரு சின்ன வால்வு இருக்கும். நகத்தால் இழுத்துவிட்டால் டக்கென்று திரும்பி உட்கார வேண்டும். இன்ஜின் ஆறும்போது கூலன்ட் சுருங்கும், டப்பாவில் இருப்பதை அந்த வழியாகத்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது அடைத்துப்போனால், காலையில் ரேடியேட்டர் ஹோஸ் சப்பிப்போய் இருக்கும். புது மூடி பழைய மூடியின் அதே எண்ணில் இருக்க வேண்டும். அழுத்தம் கூடினால் நல்லதுதானே என்று பெரிய எண் வாங்கினால், பிளாஸ்டிக் தொட்டியும் ஹோஸும் ஹீட்டர் குழாயும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. அங்கே கூலன்ட் டப்பாவே அழுத்தம் ஏறும் பாத்திரம். எனவே அந்த டப்பா மூடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். அது ஒரு மெழுகுச் சிமிழ். அதன் மேல் 82 அல்லது 88 என்று எண் இருக்கும். அந்தச் சூட்டில் மெழுகு உருகி விரிந்து, தண்டைத் தள்ளி, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதுவரை கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவாகச் சூடேறும். வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்ற நம்பிக்கை பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது வெறும் மூடநம்பிக்கை. குளிர்ந்த இன்ஜின் அதிக பெட்ரோல் குடிக்கும். எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், தேய்மானம் கூடும். அதைவிட முக்கியமானது ஒன்று. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, அதன் மறுமுனை குறுக்கு வழியை அடைக்கிறது. கழற்றிவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும். சூடு குறைவதற்காகக் கழற்றியதே மேட்டில் ஏறும்போது சூட்டைக் கூட்டும்.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதிக்கலாம். ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதிது போடுங்கள்.

ஓடும்போது முள் சிவப்பை நோக்கி ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டர் என்பது இன்னொரு சின்ன ரேடியேட்டர். அது வண்டியை ஓரம் கட்டும் வரை உதவும். நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அரை மணி நேரம் பெரும்பாலும் போதாது. பானட்டைத் திறந்தாலும் ஃபேன் பக்கம் கை நீட்ட வேண்டாம், சாவி எடுத்த பின்னும் அது தானாகச் சுழலத் தொடங்கலாம். கொதிக்கும் ஹெட்டில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடலாம்.

அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி வீடு சேருவதில் தவறில்லை. அதையே வழக்கமாக்கினால்தான் கெடுதல். குழாய் நீரில் கரைந்துள்ள கால்சியம் உப்பு, சூடு கூடக் கூடப் படியும். அதனால் வெப்பம் அதிகம் உள்ள இடத்தில், அதாவது அந்த வால்வுப் பாலத்தில்தான் முதலில் படிகிறது. அந்தப் படிவு அலுமினியத்தைவிட மிக மிகக் குறைவாகவே வெப்பம் கடத்தும். கூலன்டில் உள்ள அரிப்புத் தடுப்பான்களும் தண்ணீர் சேரச் சேர நீர்த்துப்போகும்.

மறுகோடியும் தவறு. தண்ணீரே சேர்க்காமல் அடர் கூலன்டை அப்படியே ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கிளைக்காலின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரின் கொள்ளளவில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இன்ஜின் அதில் கூடுதலாகச் சுடும். உறைவதிலும் தூய கிளைக்கால் சுமார் -13 டிகிரியில் உறைந்துவிடும், பாதிக்குப் பாதி கலவையோ -35 டிகிரிக்குக் கீழும் தாங்கும். நிறத்தை வைத்துக் கூலன்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எதற்கும் உலகப் பொது விதி கிடையாது. கையேட்டில் சொன்ன தரக்குறியீட்டைப் பாருங்கள். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் தடுப்பான்கள் சீக்கிரம் தீரும், சிலவேளை கூழ் மாதிரி திரண்டு ரேடியேட்டரை அடைக்கும்.

கூலன்டை மாற்றுவது கஷ்டமான வேலையில்லை, ஆனால் அளவில் ஒரு பொறி இருக்கிறது. முழுக்க ஆறிய இன்ஜினில், ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து பழையதை வடியுங்கள். காய்ச்சி வடித்த நீர் நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும் வரை இப்படிச் செய்யுங்கள். அமைப்பின் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், கடைசியாக வடியும்போது 4 லிட்டர்தான் வரலாம். மீதி 2 லிட்டர் வெறும் நீர் இன்ஜின் பிளாக்குக்குள் தங்கிவிடும். அப்போது ஏற்கெனவே நீர் கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் கூலன்டை ஊற்றினால் நீர்த்துவிடும். அதனால் முதலில் 3 லிட்டர் அடர் கூலன்டை ஊற்றுங்கள், மிச்ச இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் திரவம் வரும் வரை திறந்து வையுங்கள். பிறகு கையேடு சொல்லும் முறைப்படி காற்றை வெளியேற்றி, ஃபேன் ஒன்றிரண்டு முறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறிய பின் அளவைச் சரிபாருங்கள்.

வடித்த பழைய கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துக் கொல்லும். குழந்தைகளுக்கும் அப்படித்தான். மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அடுத்த சில நாட்கள், காலையில் வண்டி எடுக்கும் முன் டப்பாவைப் பாருங்கள். தங்கியிருந்த காற்று வெளியேறியதால் ஒருமுறை சற்றே இறங்குவது சகஜம். இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளை, ஹோஸ் கிளிப்புகள், பயணியின் காலடிக் கம்பளம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். கம்பளம் ஈரமாக இருந்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கசிகிறது. வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் அளவு குறைகிறது, இன்ஜின் ஓடும்போது டப்பாவில் விடாமல் குமிழி வருகிறது, சூடான பின்னும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் அது ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். கசிவு அடைக்கும் பொடியைக் கொட்டி ஓட்டிப் பார்க்காமல், வண்டியை நிறுத்திவிட்டு அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.